ஐந்து வீட்டுக்கு எழுதிய சீட்டு

அத்தியாயம் 14

வீட்டுக்கார அம்மாள் ஹமாசாகியின் கடிதம் புதன்கிழமை வந்தது. ஞாயிறு காலை வரை அது சாப்பாட்டு மேஜை மேலேயே கிடந்தது. எடுத்து வைக்க குவோவுக்கும் மனமில்லை, வென்ஜினுக்கும் மனமில்லை. தட்டுகளை அதைச் சுற்றி வைத்துச் சாப்பிட்டார்கள்.

கடிதம் மரியாதையாகத்தான் இருந்தது. ஜப்பானின் கொகுரா ஊரில் ஒருவரைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதென்றாலும் முதலில் பருவநிலை பற்றி நாலு வரி எழுதிவிட்டுத்தான் தள்ளுவார்கள். குளிர் தொடங்கிவிட்டது, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆரம்பித்திருந்தது. டிசம்பரோடு முடியும் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை, உங்கள் நிலைமைக்குத் தோதான வேறு இடம் பார்த்துக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது, ஞாயிறு காலை துப்புரவு முடிந்ததும் பதினோரு மணிக்கு வந்தால் பேசலாம் என்று முடிந்திருந்தது.

உங்கள் நிலைமைக்கு. அது என்ன நிலைமை என்பதுதான் இருவருக்கும் விளங்கவில்லை.

குவோ சீனாவின் தாலியனிலிருந்து இங்கே கப்பல் பட்டறைக்கு வெல்டிங் வேலைக்கு வந்து ஐந்து வருடம். அதில் நாலு வருடம் கம்பெனி விடுதியில் கழிந்தது. மனைவியையும் மகளையும் அழைத்துக்கொள்ள வீடு தேடியபோது பதினோரு இடத்தில் வெளிநாட்டுக்காரருக்கு இல்லை என்று கைவிரித்தார்கள். பன்னிரண்டாவதாக ஹமாசாகி அம்மாள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "குடும்பஸ்தர்தானே?" ஆமாம், மனைவியும் மகளும் ஆகஸ்டில் வருகிறார்கள் என்றான். அன்றே சாவி கைக்கு வந்தது. தனியாக இருந்த மாதங்களில் அவனுக்கு உலர்ந்த சீமைப் பனிச்சம்பழமெல்லாம் கொடுத்தனுப்பிய மகராசி அவள். ஆகஸ்டில் வென்ஜின் வந்து இறங்கிய வாரத்தோடு பழமும் நின்றது, பேச்சும் நின்றது.

இந்த வீடு போனால் குவோ மறுபடி விடுதிக்கு, வென்ஜினும் எட்டு வயது யாவ்யாவும் தாலியனுக்கு. வேறு வழியே இல்லை. அப்பாவை ஐந்து வருடம் போன் திரையில் மட்டும் பார்த்த குழந்தை, இப்போது அவன் வயிற்றின் மேல் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறாள். அந்தக் காலை எப்படி எடுத்துக் கீழே வைப்பது என்றுதான் வென்ஜினுக்குப் புரியவில்லை.

தப்பு எங்கே நடந்தது என்று அவள் நாலு நாளாகத் துருவிக்கொண்டிருந்தாள். சமையல் வாசனையா, குழந்தை ஓடும் சத்தமா? வந்த மறுநாளே, புதிதாகக் குடிவருகிறவர்கள் செய்யும் ஊர் வழக்கப்படி பக்கத்து வீடு இரண்டு, மேல் வீடு, கீழ் வீடு, வீட்டுக்கார அம்மாள் என்று ஐந்து பேருக்குக் கைத்துண்டு கொடுத்தாளே, துண்டு மட்டமோ?

துண்டோடு சீட்டும் வைத்திருந்தாள். அன்று குவோ வேலைக்குப் போயிருந்தான். அதனால் என்ன? பேச்சு வேறானாலும் இவர்கள் எழுதும் எழுத்தில் பாதி சீனத்து எழுத்துதானே. 'இருநூற்று மூன்றாம் வீட்டு குவோவின் துணைவி தாவ் வென்ஜின். இனி நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்' என்று எழுதினாள். துணைவி என்பதற்கு, ஆலையில் வேலை பார்த்த அவள் அப்பா நாலு பேர் முன்னால் அம்மாவைக் குறிப்பிடும் மரியாதையான சொல்லையே போட்டாள். அன்பு என்று ஓர் எழுத்து, ஆள் என்று ஓர் எழுத்து. அவள் நாட்டில் எழுத்தைச் சுருக்கியபோது அன்பு எழுத்துக்குள்ளிருந்த இதயக் குறியை எடுத்துவிட்டார்கள். இங்கே இன்னும் பழையபடிதான் எழுதுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அகராதியைப் பார்த்து, ஐந்து சீட்டிலும் இதயத்தைச் சேர்த்து அழகாக எழுதினாள். அவள் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.

எட்டு மணிக்குத் துப்புரவு தொடங்கியது. மாதம் ஒரு ஞாயிறு, கட்டடத்தில் குடியிருப்பவர்கள் எல்லோரும் கையுறை போட்டுக்கொண்டு புல் பிடுங்கி, சாக்கடை வார வேண்டும். வென்ஜின் ஒவ்வொருவருக்கும் குனிந்து வணக்கம் சொன்னாள். அவர்களும் குனிந்தார்கள், ஒரு விரற்கடை கூடவுமில்லை, குறையவுமில்லை. பிறகு பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவரும் புல்வெளியின் அந்தக் கோடிக்கு நகர்ந்துகொண்டார்கள்.

மேல் வீட்டு தோகிவா மட்டும் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். நாற்பத்தெட்டு வயது. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் துணி திருத்தித் தைக்கும் கடையில் வேலை. எந்தக் குப்பை எந்தக் கிழமை என்று சுவரில் படம் வரைந்து ஒட்டியது அவள்தான். யாவ்யாவின் பள்ளிக்கூடப் பையைத் தைத்துக் கொடுத்ததும், சந்தையில் மத்தி மீன் பொறுக்கப் பழக்கியதும், அந்த மத்தியைத் தவிட்டு ஊறலில் வேகவைத்துக் கிண்ணத்தில் கொண்டுவந்து நீட்டியதும் அவளேதான். வியாழக்கிழமை மட்டும் ஒரு சாம்பல் நிறக் கார் வந்து நிற்கும். பாவம், இவள் புருஷனுக்கும் வேலை வெளியூரில்தான் போலிருக்கிறது என்று வென்ஜின் நினைத்துக்கொள்வாள்.

"எல்லாருக்கும் இப்படிக் குனிஞ்சு குனிஞ்சு வணக்கம் சொல்லாத. கழுத்துதான் வலிக்கும்," என்றாள் தோகிவா.

"எல்லாரும்... என் மேல... கோவமா?" மூன்று மாதத்தில் சேர்த்த சொற்களைக் கோத்துக் கேட்டாள் வென்ஜின்.

"கோவமெல்லாம் இல்ல. நம்ம மாதிரி பொம்பளைங்கள எல்லா ஊர்லயும் இப்படித்தான் பாப்பாங்க. பழகிடும். எனக்கு ஏழு வருஷம் ஆச்சு."

நம்ம மாதிரி என்றால் வெளியூர்க்காரிகள் என்று வென்ஜின் எடுத்துக்கொண்டாள். தோகிவாவுக்கு நாகசாகிப் பக்கம்.

"ஏழு வருஷம் எனக்கு இல்ல. டிசம்பர்... வீடு... முடிஞ்சது."

தோகிவா புல் பிடுங்குவதை நிறுத்தினாள். "அந்தம்மா அவ்வளவு தூரம் போயிட்டாங்களா?" கையிலிருந்த புல்லை வாளியில் போட்டாள். "ஒண்ணு சொல்றேன் கேளு. அங்க போய் அழாத. மன்னிப்பு கேக்காத. நீ ஒரு தப்பும் பண்ணல. உன்னோட... அந்த காக்கு-சான் வாயைத் தொறந்து பேசட்டும். இந்த மாதிரி நேரத்துல ஆம்பளைங்க ஊமையாயிடுவாங்க, விட்டுடாத."

குவோ என்ற எழுத்தை இங்கே காக்கு என்று படிப்பார்கள், சான் என்பது மரியாதைக்குச் சேர்ப்பது. புருஷனின் பெயர் எல்லையைத் தாண்டியதும் மாறிப்போனதில் வென்ஜினுக்கு ஆரம்பத்தில் சிரிப்பு வரும். இன்று வரவில்லை.

பதினோரு மணிக்குக் குவோ, வென்ஜின், யாவ்யாவ் மூவரும் ஹமாசாகி அம்மாளின் வீட்டுக் கூடத்தில் முழங்கால் மடித்து உட்கார்ந்தார்கள். தேநீர் வந்தது. யாவ்யாவைப் பூனையோடு விளையாட முற்றத்துக்கு அனுப்பிவிட்டு, அம்மாள் கதவை இழுத்து மூடினாள். அறுபத்தாறு வயது, பிசிறில்லாமல் வாரிய நரைத்த தலை. வென்ஜின் பக்கம் அவள் பார்வை திரும்பவே இல்லை.

"காக்கு-சான், நீங்க நல்ல உழைப்பாளி. வாடகை ஒரு நாள் தவறினதில்ல. அதுல எனக்குக் குறை இல்ல."

"அப்புறம் என்ன குறைங்க? சத்தமா? வாசனையா? எதுவானாலும் சரி பண்ணிக்கிறோம்."

"அதெல்லாம் இல்ல." அம்மாள் கோப்பையை அரை வட்டம் திருப்பினாள். "கேக்கறதுக்கு எனக்கே கூச்சமா இருக்கு. ஊர்ல இருக்கற உங்க மனைவிக்கு இது தெரியுமா?"

"எதுங்க?"

"இவங்க இங்க இருக்கறது."

குவோ வென்ஜினைப் பார்த்தான். பிறகு அம்மாளைப் பார்த்தான். தன் ஜப்பானிய மொழியில்தான் ஏதோ ஓட்டை என்று நினைத்து மெதுவாகக் கேட்டான். "இவ இங்க இருக்கறது இவளுக்குத் தெரியுமான்னு கேக்கறீங்களா?"

"விளையாட்டுப் பேச்சு வேண்டாம், காக்கு-சான். மனைவியும் மகளும் வராங்கன்னு சொல்லித்தானே சாவி வாங்கினீங்க? நான் உங்களை நம்பினேன். வேற ஆளைக் கூட்டிட்டு வந்தது உங்க சொந்த விஷயம். ஆனா அதைத் துண்டுல சுத்தி ஊருக்கெல்லாம் கொடுக்கணுமா? தபால் பெட்டியிலயும் ரெண்டு குடும்பப் பேரு, பச்சையா."

"எதைச் சுத்திக் கொடுத்தோம்?"

அம்மாள் எழுந்துபோய் இழுப்பறையிலிருந்து ஒரு சீட்டை எடுத்துவந்து, கறை படிந்த துணியைப் பிடிப்பதுபோல இரண்டு விரலால் பிடித்து அவன் முன்னால் வைத்தாள்.

குவோ படித்தான். அவன் காது முதலில் சிவந்தது, பிறகு கழுத்து. தலையை மேஜை மேல் கவிழ்த்துக்கொண்டான். தோள் குலுங்கியது. அழுகிறான் என்று நினைத்து வென்ஜினுக்கு உயிரே போய்விட்டது.

"லாவ் குவோ, என்ன ஆச்சு? என்ன சொல்றாங்க? வாயைத் தொறந்து பேசு." லாவ் குவோ என்றுதான் அவள் அவனைக் கூப்பிடுவாள்.

அவன் நிமிர்ந்தான். கண்ணில் தண்ணீர் வழிந்தது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தான். சீனத்தில் சொன்னான். "இந்த வார்த்தையை யார் உன்னை எழுதச் சொன்னது?"

"எங்கப்பா எங்கம்மாவ அப்படித்தான் சொல்லுவார். மரியாதையான வார்த்தை."

"நம்ம ஊர்ல மரியாதைதான். இங்க அந்த ரெண்டு எழுத்தும் சேர்ந்தா வேற அர்த்தம். கல்யாணம் ஆனவன் வெளியில வச்சிருப்பானே, அவளைத்தான் அப்படிச் சொல்லுவாங்க."

சின்ன வீடு. நம் மொழியில் சொன்னால் அதுதான். இருந்த இரண்டு அறை வீடு சின்னதுதான் என்றாலும், இப்படியொரு பெயரோடு மூன்று மாதம் அதில் குடியிருந்திருக்கிறாள் தாவ் வென்ஜின். அதுவும் தன் கையாலேயே, முத்து முத்தான எழுத்தில், ஐந்து வீட்டுக்கு அறிவித்துவிட்டு. பார்த்துக்கொள்ளச் சொல்லி வேண்டுகோள் வேறு.

அவள் சீட்டைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் புல்வெளியின் கோடிக்கு நகர்ந்தது ஞாபகம் வந்தது. 'அம்மா, நீ நிஜ அம்மாவான்னு என்கூடப் படிக்கிற மினோரி கேக்கறா' என்று யாவ்யாவ் பள்ளியிலிருந்து வந்து சொன்னது ஞாபகம் வந்தது. நாலு நாளாகத் தூங்காமல் துண்டின் தரத்தை யோசித்துக்கொண்டிருந்ததும் ஞாபகம் வந்தது. அடக்க முடியாமல் அவளும் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பில் பாதி அழுகைதான்.

குவோ அதற்குள் அம்மாளிடம் எல்லாவற்றையும் கொட்டிக்கொண்டிருந்தான். "எங்க ஊர்ல அது கட்டின பொண்டாட்டியச் சொல்ற வார்த்தைங்க. பதினோரு வருஷம் ஆச்சு கல்யாணம் ஆகி. பேரு வேறயா இருக்கறது வழக்கம், எங்க பொண்ணுங்க கல்யாணத்துக்கப்புறமும் அப்பா பேரை விடமாட்டாங்க. இதோ, இவ குடியிருப்பு அட்டையப் பாருங்க, குடும்பத்தோட தங்கன்னு போட்டிருக்கு, கட்டின மனைவிக்கும் பிள்ளைக்கும்தான் இதைக் கொடுப்பாங்க."

ஹமாசாகி அம்மாள் அட்டையை வாங்கிப் படித்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை படித்தாள். பிறகு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"எங்க வீட்டுக்காரருக்கு மோஜியில இன்னொரு வீடு இருந்துச்சு," என்றாள், கைக்குள்ளிருந்தே. "ஒன்பது வருஷம். தெருவுக்கே தெரியும், எனக்குத்தான் கடைசியில தெரிஞ்சது. ஒருத்தர்கூட வாயைத் தொறக்கல. அதனாலதான் அந்தச் சீட்டைப் பாத்ததும் எனக்கு அப்படிக் கோவம் வந்துச்சு. சீனாவுல எவளோ ஒருத்தி ஒண்ணும் தெரியாம காத்துக்கிட்டிருக்கான்னு நெனச்சேன். முகம் தெரியாத அவளுக்காகத்தான் இவங்களோட மூணு மாசம் பேசாம இருந்தேன்."

கையை எடுத்து, முதல்முறையாக வென்ஜினை நேராகப் பார்த்தாள்.

"உங்களுக்காகத்தாம்மா உங்க மேல கோவப்பட்டேன்."

குவோ எல்லாவற்றையும் மொழிபெயர்த்தான். யாரும் வென்ஜினுக்காக இந்த அளவு கோபப்பட்டதில்லை. அவள் எழுந்து, மேஜையைச் சுற்றிப் போய், அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். இந்த ஊரில் அப்படியெல்லாம் கையைப் பிடிக்கக் கூடாது. பிடித்தாள். அம்மாளும் உருவிக்கொள்ளவில்லை.

புதுப்பிக்கும் ஒப்பந்தத்துக்கு அங்கேயே முத்திரை விழுந்தது. நாலு நாளுக்குப் பிறகு வென்ஜினுக்குப் பசி எடுத்தது. குவோவுக்குச் சந்தோஷம் தலைக்கேறிவிட்டது. "நாளைக்கு விடுமுறைதானே, மதியம் எங்க வீட்டுக்குச் சாப்பிட வாங்க. வென்ஜின் மீன் கொழுக்கட்டை பண்ணுவா, எங்க ஊர் கடல்காரங்க சாப்பாடு," என்றான். அம்மாள் தலையசைத்தாள்.

வாசலில் செருப்பு மாட்டும்போது அம்மாள் குரலைத் தாழ்த்திக் குவோவிடம் ஏதோ சொன்னாள். அவன் முகம் மாறியது.

"என்ன?" என்றாள் வென்ஜின், படி இறங்கும்போது.

"ஒண்ணுமில்ல. இப்ப நாம மரியாதையான குடும்பம்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடுமாம். அதனால மேல் வீட்டு ஆளோட பழக்கம் வேண்டாமாம்."

"ஏன்? அவங்க என்ன பண்ணினாங்க?"

குவோ கன்னத்தைச் சொறிந்தான். "வியாழக்கிழமை வர்றாரே, அவருக்கு வேற இடத்துல குடும்பம் இருக்கு."

வென்ஜின் நின்றுவிட்டாள். நம்ம மாதிரி பொம்பளைங்க. புல் பிடுங்கிக்கொண்டே தோகிவா சொன்னது இப்போதுதான் முழுதாகக் காதில் விழுந்தது.

மறைப்பானேன், தாலியனில் இப்படி ஒருத்தி மாடியில் இருந்திருந்தால் வென்ஜினும் பேசியிருக்க மாட்டாள். சாக்கடை வாரும்போது அந்தக் கோடிக்கு நகர்ந்திருப்பாள்.

வீட்டுக்கு வந்ததும் சீட்டுகளைப் புதிதாக எழுதினார்கள். இந்த முறை குவோ பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வோர் எழுத்தையும் காவல் காத்தான். 'மனைவி' என்பதற்கு இரண்டு நாட்டிலும் ஒரே எழுத்து, ஒரே பொருள். அதை முதலிலேயே எழுதித் தொலைத்திருக்கலாம்.

வீட்டுக்கார அம்மாளுக்கும் மரியாதைக்கு ஒரு சீட்டைக் கொடுத்துவிட்டு, இரண்டு பக்கத்து வீடும் கீழ் வீடும் போனார்கள். பக்கத்து வீட்டுப் பெண் சீட்டைப் படித்துவிட்டு வாயைப் பொத்தினாள், பிறகு உள்ளே ஓடிப் புருஷனைக் கூட்டிவந்தாள். அவன் சிரிப்பதா மன்னிப்புக் கேட்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தான். கீழ் வீட்டுக்காரர் ஒரு பை நிறைய ஆரஞ்சு கொடுத்தார். இன்னொரு பக்கத்து வீட்டுக்காரி, "நான் அப்பவே சொன்னேன், இவ்வளவு அழகா எழுதற பொண்ணு அப்படியெல்லாம் இருக்க மாட்டான்னு," என்றாள். அவள் அப்படி யாரிடமும் சொல்லியிருக்க மாட்டாள். இருக்கட்டும்.

கையில் ஒரு சீட்டு மிச்சமிருந்தது.

"அதை நான் தபால் பெட்டியில போட்டுட்டு வரேன்," என்றான் குவோ.

"நானே போறேன்," என்று வென்ஜின் மாடியேறினாள்.

தட்டியதும் கதவு திறந்தது. தோகிவாவின் பின்னால், கூடத்தில், காலி அட்டைப் பெட்டிகள் நாலைந்து அடுக்கியிருந்தன.

"என்ன சொன்னாங்க? பயப்படாத. பெட்டி எங்க கடையிலேருந்து எடுத்துட்டு வந்துட்டேன். எனக்குத் தெரிஞ்ச வீட்டுக்காரர் ஒருத்தர் யாஹாத்தாவுல இருக்காரு, எதுவும் கேக்க மாட்டாரு."

வென்ஜின் சீட்டை நீட்டினாள். தோகிவா படித்தாள். நீண்ட நேரம் படித்தாள், இருந்தது என்னவோ இரண்டே வரிதான்.

"அப்ப நீ..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். "அப்ப நீங்க கட்டின மனைவி."

நீ என்பது நீங்க ஆனதை வென்ஜின் கவனித்தாள். அந்த ஊர் மொழியிலும் அது சட்டென்று தெரியும்.

"நல்லதாப் போச்சு. நெஜமாவே நல்லதாப் போச்சு," என்றாள் தோகிவா. "நான்தான் என்னென்னமோ பேசிட்டேன். மன்னிச்சுக்கங்க. இனிமே மேல வராதீங்க. வீட்டுக்கார அம்மாவுக்குப் பிடிக்காது. உங்களுக்கு நல்லதில்ல, குழந்தைக்கும்."

கதவை மூடக் கை வைத்தாள். வென்ஜினுக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. ஆனால் அவளிடம் இருந்த சொற்கள் காய்கறியும் குப்பைக் கிழமையும் வெயிலும் மழையும்தான். அவற்றைப் போட்டுத் துழாவி ஒரு வாக்கியம் செய்தாள்.

"நாளைக்கு. மதியம். எங்க வீடு. மீன் கொழுக்கட்டை. வாங்க." பிறகு, மறைப்பது சரியில்லை என்று தோன்றி, "ஹமாசாகி-சானும் வராங்க," என்றாள்.

தோகிவா அவளை வெறித்துப் பார்த்தாள். பிறகு மெல்லச் சிரித்தாள். "நீ வெளியூர்க்காரிங்கறது மட்டும் நெஜம். அந்தம்மா இருக்கற மேஜையில நான் வந்து உக்காந்தா என்ன ஆகும் தெரியுமா?"

"தெரியாது," என்றாள் வென்ஜின்.

"யோசிக்கிறேன்," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள் தோகிவா.

கீழே குவோ வாசலிலேயே காத்துக்கொண்டிருந்தான். நடந்ததைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"யோசிக்கிறேன்னா வரமாட்டேன்னு அர்த்தம். இங்க அப்படித்தான் சொல்லுவாங்க. நல்ல வேளை."

"எனக்கு அந்த அர்த்தமெல்லாம் தெரியாது. யோசிக்கிறேன்னு சொன்னா யோசிக்கிறாங்கன்னுதான் எடுத்துக்குவேன்."

"வென்ஜின், இன்னைக்குத்தான் வீடு நெலைச்சுது. அந்தம்மா கதையக் காதால கேட்டே இல்ல? அவங்க உக்காந்திருக்கறப்ப மேலேருந்து இவங்க இறங்கி வந்தா?"

"கேட்டேன். கேட்டதுலேருந்து அதையேதான் யோசிக்கிறேன்." அவள் குரல் உயரவில்லை. "ஆனா மூணு மாசமா இந்தக் கட்டடத்துல எல்லாரும் என்னை அந்த மாதிரிப் பொம்பளன்னு நெனச்சாங்க, லாவ் குவோ. அந்த மூணு மாசமும் என் கதவைத் தட்டினது ஒருத்திதான்."

உள்ளே யாவ்யாவ் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். குவோ போய் அலமாரியிலிருந்து மாவுப் பையை இறக்கி, மேஜை மேல் கிடந்த கடிதத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு வைத்தான்.

"எத்தனை பேருக்கு?" என்று கேட்டான்.

"அஞ்சு பேருக்கு," என்றாள் வென்ஜின்.